தொலைக்காட்சித் தொடர்களில் மாறுகொளக் கூறல்

தொலைக்காட்சித் தொடர்களைக் காண்போருள் ஒரு சாரார், கதையின் போக்கில் உள்ளம் தோய்வதோடு அமையாது, அதன்கண் காணும் பிழைகளைத் தேடித் தொகுப்பதிலும் பேரார்வம் காட்டுகின்றனர். சென்ற காட்சியில் வலக்கையில் இருந்த கோப்பை இக்காட்சியில் இடக்கைக்கு மாறியது எவ்வாறு? முன்னர் இறந்தான் எனக் காட்டப்பட்டவன் பின்னர் எழுந்து வந்தது எங்ஙனம்? இத்தகைய வினாக்களை எழுப்பி விடை காண முயல்வார் தொகை நாடோறும் பெருகி வருகின்றது. அமெரிக்காவில் தோன்றிய 'ஸ்டார் டிரெக்' தொடர்களுள் ஒன்றன் பிழைகளைத் தொகுத்து ஃபில் ஃபராண்ட் என்பார் 1993-இல் ஒரு நூலே வெளியிட்டார். இதனை வேலையற்றோர் விளையாட்டு என இகழ்ந்து ஒதுக்கும் அறிஞரும் உளர். அவர் கருத்துப் பொருந்தாது என்பதும், எனினும் பிழை தேடுவோர் கைக்கொள்ளும் அளவுகோல் திருத்தம் பெற வேண்டுவதே என்பதும் ஈண்டு யாம் நிறுவக் கருதுவன.

தமிழ் மாணவர்க்கு இப்பொருள் முற்றிலும் புதிதன்று. தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பொதுப்பாயிரமும் நூற்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்தன. அவ்விரு பட்டியல்களிலும் மாறுகொளக் கூறல் இடம்பெறுகின்றது. முன்னர்க் கூறியதற்கு முரணாகப் பின்னர்க் கூறுதலே அது. ஆயின், அவ்விலக்கணம் நூலுக்கு உரைக்கப்பட்டது, கதைக்கு அன்று. நூல், உண்மை உரைப்பதாகத் தன்னை அறிவித்துக் கொள்வது. அதன்கண் இரு கூற்றுகள் முரணின் அவற்றுள் ஒன்று பொய்யாதல் ஒருதலை. கதையோ முற்றும் புனைவு. நிகழாத ஒன்றைப் பற்றிய இரு கூற்றுகளுள் எதனை மெய்யென்பது, எதனைப் பொய்யென்பது? ஆதலின் நூற்குற்றத்தை அப்படியே கதையின் மேல் ஏற்றுவதற்குத் தனியே ஒரு காரணம் காட்ட வேண்டும். பிழை தேடுவோர் அக்காரணத்தைக் காட்டுவதில்லை. முரண் என்று கண்ட அளவிலேயே குற்றம் என்று எழுதிவிடுகின்றனர்.

மேலைநாட்டில் இவ்வாராய்ச்சி பழமையானது. ஹோமரின் இலியாத்தில் பைலேமனிஸ் என்னும் தலைவன் ஐந்தாம் காண்டத்தில் கொல்லப்படுகின்றான். பதின்மூன்றாம் காண்டத்தில் அவனே தன் மகனுடைய உடலின் பின் அழுதுகொண்டு செல்கின்றான். இதனைப் பண்டைக் காலத்தவரே கண்டு வினவினர். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் இத்தகைய வினாக்களுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, குற்றங்களை இரு கூறாக்கினார்: கலையின் உயிர்நிலையைத் தாக்குவது ஒன்று; கலைக்குப் புறம்பாய் நேர்வது ஒன்று. குதிரையின் வலப்புறக் கால்கள் இரண்டும் ஒருசேர முன்னே செல்வதாக வரைந்தவன் குதிரையை அறியாதவன். அதனாலேயே ஓவியம் அறியாதவன் ஆகான். இப்பாகுபாடு நமக்குப் பெரிதும் பயன்படுவது. ஆயினும், உயிர்நிலை எது, புறம்பு எது என்று ஒரு தொடரின்கண் கண்டுகொள்வது யாங்ஙனம் என்பது எஞ்சி நிற்கின்றது.

முதற்கண், கண்ணுக்குப் புலனாகும் சிறு முரண்களை எடுத்துக்கொள்வோம். இவற்றிற் பெரிதும் நின்று ஆராய வேண்டுவது இல்லை. ஒரு காட்சி பலமுறை, பல கோணங்களிற் படம்பிடிக்கப்படுகின்றது. கதையின் இறுதிப் பகுதி முதலிலும், முதற்பகுதி இறுதியிலும் பிடிக்கப்படுதலும் உண்டு. கோப்பை எக்கையில் இருந்தது, மெழுகுவத்தி எவ்வளவு உருகியிருந்தது என்பவற்றைக் குறித்து வைப்பதற்கென்றே ஒருவர் அமர்த்தப்படுகின்றார். எனினும் படத்தொகுப்பாளர் அக்குறிப்புக்கு அடிமைப்படுவது இல்லை. திரைப்படத் தொகுப்பிற் புகழ்பெற்ற வால்ட்டர் மர்ச், வெட்டி ஒட்டுதற்கு ஆறு அளவைகளைக் கூறி அவற்றிற்கு மதிப்பெண்ணும் இட்டார். உணர்ச்சிக்கு அவர் தந்தது நூற்றுக்கு 51. இடத்தொடர்ச்சிக்குத் தந்தது 4. நடிகரின் முகம் மெய்ப்பாட்டின் உச்சத்தை எய்திய படமும், கோப்பை உரிய கையில் இருக்கும் படமும் வேறு வேறாயின், தொகுப்பாளர் முகத்தையே கொள்வர், கோப்பையைக் கைவிடுவர். இஃது அறியாமையால் நேர்ந்த வழு அன்று, அறிந்தே செய்த தெரிவு என்க. பிழைப்பட்டியல்களிற் பெரும்பகுதி இத்தகையனவே. அவற்றைத் தொகுப்பார் கண்ணின் கூர்மையைப் பாராட்டலாம். அதற்குமேற் கூறுதற்கு ஒன்றும் இல்லை.

'கேம் ஆஃப் திரோன்ஸ்' என்னும் தொடரின் எட்டாம் பருவத்து நான்காம் பகுதி 2019 மே 5-ஆம் நாள் ஒளிபரப்பப்பட்டது. வாளும் வேலும் வழங்கும் கற்பனை உலகின் விருந்துக் கூடத்தில், அரசியின் முன்னர், இக்காலத்துக் காப்பி அருந்தும் மூடியிட்ட கோப்பை ஒன்று இருந்தது. உலகெங்கும் அது நகைப்புக்கு இடமாயிற்று. இதுவும் மேற்கூறிய வகையின்பாற் படுவதே. ஆயினும் அக்கோப்பைக்குப் பின்னர் நேர்ந்தது நகைத்து விடத்தக்கது அன்று. அதனை இறுதியிற் கூறுவாம்.

இனி, கதையின் உள்ளே அமைந்த முரண்களைக் காண்போம். இவற்றை ஆராய்தற்கு ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைவிடச் சிறந்த இடம் இல்லை. கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதற்கதையில், ஹோம்ஸின் நண்பரான மருத்துவர் வாட்சன், ஆப்கானிஸ்தானத்து மைவாந்துப் போரில் தோளிற் குண்டு பாய்ந்து புண்பட்டவர். 1890-இல் வந்த இரண்டாம் கதையில் அவர் தடவிக்கொடுத்துக்கொண்டு அமர்ந்திருப்பது காலில் உள்ள புண்ணை. பிறிதொரு கதையில் ஜான் என்னும் அவரை அவர் மனைவியே ஜேம்ஸ் என அழைக்கின்றார். ஆசிரியர் மறந்தார் என்பதே நேரிய விடை. அதுவே உண்மையும் ஆம். ஆனால் படிப்போர் அதனோடு அமையவில்லை. 1911-இல் ரொனால்ட் நாக்ஸ் என்பார் ஆக்ஸ்போர்டில் ஒரு கட்டுரை படித்தார். விவிலியத்தை ஆராய்ந்த செருமானியப் புலவர்கள், முரண் கண்ட இடமெல்லாம் வேறோர் ஆசிரியரைக் கற்பித்து வந்தனர். அம்முறையை நையாண்டி செய்யவே நாக்ஸ் ஹோம்ஸ் கதைகளுக்கும் இரண்டாம் வாட்சன் ஒருவரைப் படைத்துக் காட்டினார். நையாண்டியாகப் பிறந்தது பின்வந்தோர் கையில் மெய்யான ஆராய்ச்சியாகவே மாறிற்று. குண்டுகள் இரண்டு என்றனர் சிலர். ஒரு குண்டே தோளில் நுழைந்து காலில் வெளிப்பட்டது என்றனர் வேறு சிலர். டோரதி சேயர்ஸ் அம்மையார், வாட்சனின் நடுப்பெயர் ஹேமிஷ் ஆகலாம் என்றும், அஃது ஜேம்ஸ் என்பதன் ஸ்காட்லாந்து வடிவமாதலின் மனைவி அவ்வாறு அழைத்தனர் என்றும் உரைத்தார்.

இவர்கள் செயலை நகையாடுமுன் நம் உரையாசிரியர்களை நினைவு கொள்ளுதல் நலம். நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டிற்கு மாட்டு என்னும் முறையாற் சேய்மைக்கண் நின்ற அடிகளை எல்லாம் கொணர்ந்து கூட்டிப் பொருள் கண்டதும், அது பாட்டின் இயற்கைப் போக்கைச் சிதைக்கின்றது என மறைமலையடிகள் மறுத்ததும் நாம் அறிந்தனவே. குண்டு தோளிற் புகுந்து காலிற் புறப்பட்டது என்பார்க்கும் நச்சினார்க்கினியர்க்கும் புலமையளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. எனினும் இருசாராரிடமும் உள்ள நம்பிக்கை ஒன்றே: எடுத்துக்கொண்ட பனுவல் முழுமையானது, அதன்கண் ஒரு சொல்லும் வீண்போகாது என்பது. அந்நம்பிக்கை அன்பின்பாற் பிறப்பது. பிழை தேடுவோர் கதையை வெறுப்பவர் என்னும் எண்ணம் தவறு. வெறுக்கும் கதையை மூன்றாம் முறை காண்பார் யார்?

2010-இல் பி.பி.சி. நிறுவனம் 'ஷெர்லக்' என்னும் தொடரை வெளியிட்டது. கதை இக்கால இலண்டனுக்கு மாற்றப்பட்டது. வாட்சனும் இக்கால ஆப்கானிஸ்தானப் போரிலிருந்து மீண்ட மருத்துவராயினார். முதற்பகுதியின் தொடக்கத்தில் அவர் கைத்தடி ஊன்றிக் காலை இழுத்து நடக்கின்றார். காலில் ஊறு இல்லை, அது மனநோயால் நேர்ந்த முடம் என்பதை ஷெர்லக் கண்டுகொள்கின்றான். ஓர் இரவு கொலையாளி எனக் கருதியவனைத் துரத்தி ஓடும்போது வாட்சன் தடியை உணவு விடுதியிலேயே மறந்து விடுகின்றார். மறந்ததைத் தடி வீடு தேடி வந்தபோதுதான் அறிகின்றார். பகுதியின் முடிவில், மெய்யாகக் குண்டுபட்ட இடம் எது என்னும் வினாவிற்குத் தோள் என விடை வருகின்றது.

இத்தீர்வின் நயத்தைச் சற்று நோக்க வேண்டும். 123 ஆண்டுகட்கு முன்னர்த் தோள் என்றது பொய்யாகவில்லை. 120 ஆண்டுகட்கு முன்னர்க் கால் என்றதும் பொய்யாகவில்லை. இரண்டும் ஒரே மனிதனிடத்து ஒருங்கே நிற்கின்றன. அம்மட்டோ? முரணாக இருந்தது குணச்சித்திரமாக மாறிற்று. போர்க்களத்தை விட்டு வந்ததனாலேயே முடமான ஒருவன், இடர் மிக்க வாழ்வு மீண்டும் வாய்த்த அளவில் முடம் நீங்குகின்றான். மூலக்கதைகளை அறியாதவர்க்கும் இக்காட்சி முழுமையாக இருக்கின்றது. அறிந்தவர்க்கு உள்ளே ஒரு நகை மிகுதியாகக் கிடைக்கின்றது. சேயர்ஸ் கண்ட ஹேமிஷ் என்னும் பெயரையும் இத்தொடர் 2012-இல் வாட்சனுக்கே சூட்டியது. உரை மூலத்தோடு கலந்துவிட்டது என்று சொல்லுதற்கு இதனினும் தெளிவான சான்று யாம் கண்டதில்லை.

எல்லா முரணுக்கும் இவ்வாறு தீர்வு காண்டல் நன்றோ எனின், அன்று. முற்கூறிய 'ஸ்டார் டிரெக்' தொடரில் கிளிங்கான் என்னும் வேற்றுலக மறவர் 1967-இல் முதன்முதல் தோன்றியபோது மனிதரையே ஒத்த நெற்றியினர். பொருள் குறைந்த படப்பிடிப்பில் ஒப்பனைக்கு அவ்வளவே இயன்றது. 1979-இல் திரைப்படமாக எடுத்தபோது அவர்தம் நெற்றியில் எலும்பு வரிகள் புடைத்து நின்றன. பின்வந்த தொடர்களும் அவ்வடிவையே கொண்டன. 1996-இல் வந்த ஒரு பகுதியில், பிற்காலத்து மாந்தர் சிலர் காலத்தைக் கடந்து 1967-ஆம் ஆண்டுக் கதையினுள்ளேயே புகுகின்றனர். அவர்களுள் ஒருவன் வரி நெற்றியுடைய கிளிங்கான். பழைய நெற்றியினரைக் கண்ட தோழர் வியந்து, மரபணு மாற்றமோ நச்சுநுண்மமோ எனக் காரணம் வினவ, அயலாரிடம் அதனைப் பேசுதல் தம்மவர் வழக்கன்று எனக் கூறி அவன் வாய் மூடிக்கொள்கின்றான். முரண் ஒப்புக்கொள்ளப்பட்டது, காண்போர் வினா மதிக்கப்பட்டது, விடை மட்டும் மறுக்கப்பட்டது. மானமே பெரிதெனக் கொண்ட ஓர் இனத்தின் இயல்பு அம்மறுப்பினாலேயே விளங்கிற்று. 2005-இல் வேறொரு தொடர் இரண்டு பகுதிகளில், மரபணு மாற்றமும் நச்சுநுண்மமும் கூடி விளைந்த நோய் அது என்று முழு விளக்கம் தந்தது. கணக்குச் சரியாயிற்று. ஆயினும் ஒரு வரியில் நிகழ்ந்த அழகு அவ்விரு பகுதிகளில் இல்லை என்பதே எம் கருத்து. ஒப்பனையின் மாற்றம் நாடக வழக்கு. காண்போர் அதனைக் கதையின் செய்தியாகக் கொள்வதில்லை. கொள்ளாத ஒன்றுக்கு விடை கூறுதல் மிகைபடக் கூறலாய் முடியும்.

இங்கு ஓர் அளவுகோல் மெல்லத் தோன்றுவதைக் காணலாம். ஒரு தொடர் தன்னைக் காண்போரிடம் சிலவற்றை நினைவிற் சுமந்து வருமாறு வேண்டுகின்றது, சிலவற்றை வேண்டுவதில்லை. கோப்பை எக்கையில் என்பதை அது வேண்டவில்லை. இன்னான் இறந்தான், இன்னாள் வருந்தினாள் என்பவற்றை வேண்டுகின்றது. சுமக்குமாறு தானே வேண்டியதை மறுக்கும்போதுதான் முரண் குற்றமாகின்றது.

இதற்கு 'டல்லாஸ்' தொடரைவிடச் சான்று வேண்டா. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வர் குடும்பம் ஒன்றன் கதையாக 1978 முதல் 1991 வரை ஓடிய தொடர் அது. இளைய மகன் பாபியாக நடித்தவர் விலக விரும்பியமையின், 1985 மே மாதத்தில் அப்பாத்திரம் இறந்துபட்டது. பமேலாவைக் காக்கும் பொருட்டுத் தான் வண்டியின் முன் பாய்ந்து, மருத்துவமனையிற் குடும்பத்தார் சூழ உயிர் நீத்தான். அடுத்த பருவம் முழுவதும் அவன் இன்றியே நடந்தது. பின்னர் நடிகர் திரும்பி வர இசைந்தார். 1986 மே மாதத்தில், பமேலா ஒரு காலை விழித்தெழுந்து குளியலறைக் கதவைத் திறக்க, அங்கே பாபி நீராடிக்கொண்டு நிற்கின்றான். அவன் இறப்பும் அதன் பின்னர் நிகழ்ந்தன யாவும் அவள் கண்ட கனவு எனச் செப்டம்பரில் விளக்கப்பட்டது.

தருக்க நெறியால் நோக்கின் இத்தீர்வு பழுதற்றது. கனவென்று கொண்டால் எம்முரணும் எஞ்சாது. வாட்சனின் புண்ணுக்குக் கண்ட தீர்வைவிட இதுவே நிறைவானது என்றும் சொல்லலாம். ஆயினும் உலகம் இதனை நகையாடிற்று, இன்றும் நகையாடுகின்றது. என்னை? 30-க்கு மேற்பட்ட பகுதிகளில் காண்போர் அழுததும் அஞ்சியதும் ஒருங்கே பறிக்கப்பட்டன. அப்பருவத்திற் சூ எல்லன் என்னும் பெண் குடிப்பழக்கத்தால் தெருவில் வீழ்ந்து, பின் அரும்பாடுபட்டு மீண்டாள். அம்மீட்சியும் கனவாயிற்று. அவளோடு துயருற்றவர், தாம் துயருற்றது இன்னொருத்தி உறக்கத்தில் கண்ட பொய்த்தோற்றத்திற்காக என அறிய நேர்ந்தது. பாபி இறந்தான், இறந்திலன் என்னும் முரணை நீக்கப் புகுந்து, முரண் அல்லாதவற்றையும் உடன் அழித்துவிட்டனர்.

அதே தொடரில் வேறொன்று நிகழ்ந்தது; அதனை ஒப்புநோக்குதல் தகும். குடும்பத்தின் தாயாக நடித்த பார்பரா பெல் கெடஸ் அம்மையார் 1984-இல் இடையே விலக, டோனா ரீட் அம்மையார் அவ்விடத்து நடித்தார். மறுபருவத்தில் முன்னவரே மீண்டார். தாயின் முகமே இருமுறை மாறிற்று. இதற்கு எவ்விளக்கமும் தரப்படவில்லை. முகம் மாறியதைக் காண்போர் பொறுத்துக்கொண்டனர். துயரம் மாறியதைப் பொறுக்கவில்லை. கண்ணாற் காணும் முரணுள் இதனினும் பெரியது இல்லை. கதைக்கோ இதனால் வந்த ஊறு இல்லை.

'டல்லாஸ்' தொடரிலிருந்து கிளைத்தது 'நாட்ஸ் லேண்டிங்' என்னும் பிறிதொரு தொடர். பாபியின் உடன்பிறந்தான் ஒருவன் அதன் தலைமாந்தருள் ஒருவன். பாபி இறந்த செய்தி அங்கும் எட்டிற்று. அதனால் விளைந்தவை அங்கும் நிகழ்ந்தன. தாய்த்தொடர் கனவென்று கூறிய பின்னரும் கிளைத்தொடர் அதனை ஏற்கவில்லை. ஒரு தொடரில் உயிரோடிருப்பவன் மற்றொன்றில் இறந்தவனாகவே நின்றான். பிழைப்பட்டியல் எழுதுவோர் இதனை மாபெரும் முரண் என்பர். எமக்கோ கிளைத்தொடரே நேர்மையுடையதாகத் தோன்றுகின்றது. தன்னைக் கண்டவர் மனத்தில் நிகழ்ந்ததை அது காட்டிக் கொடுக்கவில்லை.

அற்றேல், கனவைக் கதையிற் கொள்ளுதல் எங்கும் உள்ள மரபன்றோ எனின், ஆம். சிலப்பதிகாரத்துக் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்திக்கு உரைக்கின்றாள். அவள் அஞ்சியது பின்னர் நிகழ்கின்றது. அங்குக் கனவு கனவென்றே வந்து நனவுக்கு வழிவிடுகின்றது. டல்லாஸில் நனவாக வந்தது பின்னர்க் கனவென்று பெயர் பெறுகின்றது. முன்னது எதிர்பார்ப்பை வளர்ப்பது. பின்னது நினைவை அழிப்பது. இரண்டையும் ஒரு மரபின்பாற் படுத்துதல் பொருந்தாது.

கதைப்போக்கைப் பற்றி எழும் வினாக்களையும் இவ்வளவுகோலாலேயே அளக்கலாம். முன்னர்க் குறித்த 'கேம் ஆஃப் திரோன்ஸ்' 2011-இல் தொடங்கியபோது, அரசன் தலைநகரினின்று வடபால் நகரை அடைய ஒரு திங்கள் குதிரையூர்ந்ததாக முதற்பகுதியிலேயே கூறப்பட்டது. அத்தொடரில் தொலைவு என்பது கதையின் உறுப்பு. செய்தி காலந்தாழ்த்து வருவதும், உதவி வாராமையும் பலர் உயிரைக் குடித்தன. 2017-இல் ஏழாம் பருவத்து ஆறாம் பகுதியில், வடகோடியிற் பனிப்பொய்கை நடுவே சிலர் பகைவரால் வளைக்கப்பட, ஒருவன் கோட்டைக்கு ஓடுகின்றான். அங்கிருந்து காக்கை பறந்து நெடுந்தொலைவில் தெற்கே உள்ள தீவிற்குச் செய்தி சேர்க்கின்றது. அரசி பறக்கும் நாகத்தின்மீது வந்து காக்கின்றாள். இத்தனையும் ஓர் இரவளவில் முடிந்தாற்போலத் தோன்றுகின்றது. காண்போர் வினவினர். நாகம் பறப்பதை நம்புவோர் காக்கையின் விரைவை நம்ப மறுப்பது நகைப்புக்குரியது என அவர்க்கு விடை கூறினாரும் உளர். அவ்விடை பிழையானது. நிகழக்கூடியதாயினும் நம்பவியலாததைவிட, நிகழவொண்ணாததாயினும் நம்பத்தக்கதையே கவிஞன் கொள்க என்றார் அரிஸ்டாட்டில். நாகம் நிகழவொண்ணாதது, தொடர் அதனை நம்பச் செய்தது. தொலைவைச் சுமந்து வருமாறு ஆறு பருவங்களாக நம்மை வேண்டியதும் அத்தொடரே. ஏழாம் பருவத்தில் அச்சுமையை இறக்கிவிடச் சொன்னது. வினவியவர் பறவை நூல் பேசவில்லை. அளித்த உறுதியையே நினைவூட்டினர்.

இனி, கோப்பைக்கு வருவோம். ஒளிபரப்பிய இரண்டு நாள்களுக்குள் நிறுவனத்தார் அப்பகுதியின் படியிலிருந்து கோப்பையைக் கணிப்பொறியால் துடைத்து நீக்கினர். இன்று அப்பகுதியை அவர்தம் ஒளிபரப்பில் காண்பார்க்கு வெறும் மேசையே புலனாகும். நீக்கப்பட்டது என்னும் குறிப்பும் அங்கு இல்லை. கலை நோக்கில் இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. கோப்பை கதைக்குப் புறம்பானது என்று யாமே கூறினோம். ஆயினும் மூலபாட ஆராய்ச்சியிற் பழகியவர்க்கு இது கவலை தருவது. உ. வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது, தாம் கொள்ளாத பாடத்தை எரித்துவிடவில்லை. பாடபேதம் என அடியிற் குறித்தார். தாம் கொண்ட பாடம் தவறாயின் பின்வருவோர் திருத்துதற்கு அது வழியாயிற்று. ஓலையிற் கீறிய திருத்தம் கண்ணுக்குப் புலப்படும். நீக்கிய இடம் தெரியாமல் நீக்குவது இன்று ஓரிரு நாளில் கைகூடும் செயல். இன்று கோப்பையை நீக்கிய கை நாளை ஓர் உரையாடலை நீக்கலாம். ஒரு முகத்தை நீக்கலாம். அப்போது, முதல் ஒளிபரப்பைக் கண்டவர் தம் நினைவே சான்றாக நிற்பர். இல்லாததைக் கண்டதாகப் பிதற்றுகின்றனர் என்று பிறர் அவரை எள்ளவும் கூடும். பிழை தேடுவோர் அன்றே எடுத்து வைத்த படங்களும் பட்டியல்களும், அவர் எண்ணாமலே, அழிந்த பாடத்திற்குச் சான்றாகிவிட்டன.

மாற்றியமைத்தலே கூடாது என்பது எம் கருத்தன்று. 'ஸ்டார் டிரெக்' முதல் தொடரின் விண்வெளிக் காட்சிகள் 2006 முதல் கணிப்பொறியாற் புதுக்கப்பட்டன. பின்னர் அத்தொடர் உயர்நுட்ப ஒளித்தகடாக வெளிவந்தபோது, பழைய காட்சியும் புதிய காட்சியும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன; காண்பார் தாம் வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம். விருந்து மேசையின் இரு பாடங்களுக்கும் அவ்வாறு ஒரு பதிப்பு இல்லை.